பிள்ளை தன் கையால் கொடுக்கட்டும்: பகிரவும் ஊழியம் செய்யவும் பழக்கத் தொடங்குகிறவர்களுக்கு

காணிக்கைப் பை நம் வரிசைக்கு வர இன்னும் இரண்டு பேர் பாக்கி. அம்மா அவசரமாகக் கைப்பையைத் துழாவி ஒரு காசை எடுத்துப் பிள்ளையின் உள்ளங்கையில் அழுத்துகிறார். பிள்ளை அதைப் பைக்குள் போடுகிறது, பை அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறது. எல்லாம் ஐந்து விநாடி. அதில் பிள்ளை கொடுத்தது என்று எதுவும் இல்லை. அம்மாவின் காசு அதன் கை வழியாகப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஞாயிறு பள்ளியில் சிறுவர் வகுப்பை ஏற்ற முதல் வருடம் நான் செய்ததும் இதேதான், கொஞ்சம் பெரிய அளவில். கிறிஸ்துமஸ் வாரத்தில் 18 பிள்ளைகளை ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கு அழைத்துப் போனேன். பொட்டலங்களைப் பெற்றோர் வாங்கினார்கள், ஆசிரியர்கள் நாங்கள் கட்டினோம், பிள்ளைகள் வரிசையில் நின்று நீட்டினார்கள், ஒருவர் படம் எடுத்தார். அங்கிருந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, காமிராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அக்கா, நான் போகலாமா?" என்று கேட்டாள். அந்த வாரத்தில் அவளைப் பார்க்க வந்த நான்காவது குழு நாங்கள். திரும்பி வரும்போது என் பிள்ளைகள் பேசியதெல்லாம் ஜன்னலோரம் யார் உட்காருவது என்பதைப் பற்றித்தான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் நான் நியாயம் செய்யவில்லை என்று பட்டது. அதற்குப் பிறகு ஐந்து வருடமாக ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வந்ததைத்தான் இங்கே வரிசைப்படி எழுதுகிறேன். வீட்டில் பழக்க நினைக்கும் பெற்றோருக்கு முதல் நான்கு படிகள் போதும். வகுப்பை வெளியே அழைத்துப் போகிற ஆசிரியர்கள் ஐந்தாவதைத் தயவுசெய்து தாண்டிப் போய்விடாதீர்கள்.

1. ஒரு வாரம் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள்

ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள், பிள்ளை தானாக, யாரும் சொல்லாமல், பிறருக்குச் செய்ததை ஒவ்வொரு வரியில் குறித்துவையுங்கள். குறிக்கிற விஷயம் பிள்ளைக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் நோட்டில் ஏறுவதற்காகவே நல்லது செய்யும்.

என் வகுப்பில் ஒரு பையன் தன் கலர் பென்சில்களை யாருக்கும் தரமாட்டான். டப்பாவை மடியில் வைத்து முழங்கையால் மூடிக்கொள்வான். இவன் சுயநலக்காரன் என்று நான் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். நோட்டு போட்ட வாரத்தில்தான் பார்த்தேன்: வகுப்பு முடிந்ததும் கீழே குந்தி, தன்னைவிடச் சின்னவர்களுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வாரமும், மூன்று நான்கு பேருக்கு. அவனுக்குப் பொருளைப் பிரிவது கஷ்டம், நேரத்தைக் கொடுப்பது சுலபம். எந்தப் பிள்ளைக்கு எது சுலபம் என்று தெரிந்தால், எங்கே தொடங்குவது என்பதும் தெரிந்துவிடும். கஷ்டமானதில் தொடங்காதீர்கள்.

2. கொடுக்கிற பொருள் பிள்ளையுடையதாக இருக்கட்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். லாரா ஆக்னின், கைலி ஹாம்லின், எலிசபெத் டன் ஆகிய ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுகூட ஆகாத குழந்தைகளின் முகத்தைக் கவனித்தார்கள். தின்பண்டம் கிடைத்தபோது இருந்த மகிழ்ச்சியைவிட, அதைப் பிறருக்குக் கொடுத்தபோது அதிக மகிழ்ச்சி தெரிந்தது. யாரோ எடுத்துத் தந்த பண்டத்தைக் கொடுத்தபோது இருந்ததைவிட, தன் கிண்ணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது இன்னும் அதிகம். "வாங்குகிறதைப்பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்" என்று அப்போஸ்தலர் 20:35-ல் நாம் படிப்பதை, பேச்சு வராத குழந்தையின் முகத்திலும் பார்க்கலாம். பெற்றோர் வாங்கிக் கட்டித் தரும் பொட்டலத்தில் அந்தப் பாக்கியம் பெற்றோருக்கே போய்விடுகிறது.

காசுக்கு ஒரு வழி. ஐந்து வயதுக்கு மேல், உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மூன்று டப்பாக்கள் வையுங்கள்: செலவுக்கு, சேமிப்புக்கு, கொடுப்பதற்கு. வீட்டில் காலியான டப்பாக்களே போதும், இதற்கென்று ஒன்றும் வாங்க வேண்டாம். கையில் வரும் காசை எப்படிப் பிரிப்பது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். பத்தில் ஒரு பங்கு என்று உங்கள் சபையில் வழக்கம் இருந்தால், நீங்கள் அப்படிக் கொடுப்பதைப் பிள்ளை பார்க்கட்டும், ஏன் என்று கேட்டால் சொல்லுங்கள். முதல் நாளே பிள்ளையின் காசில் அதைச் சட்டமாக்காதீர்கள். ஒரு வாரம் கொடுக்கும் டப்பாவில் ஒன்றும் விழவில்லையா? விடுங்கள். கட்டாயமில்லை என்று பிள்ளை நம்பினால்தான் அடுத்த வாரம் விழுவது அதனுடையதாக இருக்கும்.

டப்பா யாருக்கு என்பதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "ஏழைகளுக்கு" என்றால் பிள்ளைக்கு ஒரு முகமும் தெரியாது. "படுக்கையில் இருக்கிற பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு" என்றால் தெரியும். திறக்கும் தேதியையும் காலண்டரில் குறியுங்கள். ஏழு வயது வரை நான்கு வாரம் போதும். அதற்கு மேல் போனால் அது யாருக்கு என்பதே மறந்துவிடுகிறது. பெரிய பிள்ளைகள் எட்டு, பத்து வாரம் தாங்குவார்கள்.

இதில் நிறையப் பேர் விழும் குழி: கடைசி நாளில் டப்பாவில் காசு குறைவாக இருக்கிறதே என்று பெற்றோர் இரகசியமாக நிரப்புவது. தயவுசெய்து வேண்டாம். பிள்ளை சேர்த்ததில் ஒரு பழம்தான் வாங்க முடியும் என்றால் ஒரு பழம் வாங்கிக்கொண்டு போங்கள்.

பொருள்களுக்கு ஒரே விதி வைத்திருக்கிறேன். உன் நெருங்கிய நண்பனுக்கு இதைக் கொடுப்பாயா? கொடுப்பாய் என்றால் பெட்டியில் போடு. சக்கரம் போன வண்டி, பக்கம் கிழிந்த புத்தகம் எல்லாம் முதலில் பிள்ளையோடு உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியவை. சரிசெய்ய முடியாதது குப்பைக்குப் போகட்டும். நமக்கு வேண்டாதது பிறருக்குப் போதும் என்று பிள்ளை கற்றுக்கொண்டால், பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

அவசரப்படுத்தாதீர்கள். ஆறு வயதுப் பையன் ஒருவன் தன் சிவப்பு நிறத் தீயணைப்பு வண்டியைப் பெட்டியில் வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்து, ஏணியை ஒரு தடவை மேலே தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி எடுத்தான். மூன்று முறை இப்படி. நான்காவது முறை வைத்து, மூடியை மூடி, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான். பத்து நிமிடம் ஆனது. "போடுவதென்றால் போடு" என்று ஒரு வார்த்தை என் வாயில் வந்திருந்தால் அந்த வண்டி என்னால் போனதாக ஆகியிருக்கும்.

இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளுக்கு இது எதுவும் வேண்டாம். "தம்பி அழுகிறான், கொடுத்துவிடு" என்று பிடுங்கிக் கொடுத்தால் பெரியவள் கற்றுக்கொள்வது பகிர்தலை அல்ல, பறிபோவதை. அழுதால் கிடைக்கும் என்று தம்பியும் கற்றுக்கொள்கிறான். முறை வைத்துக்கொள்வதுதான் அந்த வயதுக்கு ஏற்றது: "நீ விளையாடி முடித்ததும் தம்பிக்குக் கொடு." முடித்ததும் அவளே கொண்டுபோய்க் கொடுக்கிறாளா என்று பாருங்கள், பெரும்பாலும் கொடுப்பாள். பகிரவே தேவையில்லாத பொருள் என்று ஒன்றிரண்டு இருக்கட்டும். விருந்தாளிப் பிள்ளைகள் வருவதற்கு முன்பே அவற்றை அலமாரியில் எடுத்து வைத்துவிடலாம்.

3. ஊழியம் என்ற சொல்லை மேடையிலிருந்து இறக்குங்கள்

"ஊழியம் என்றால் என்ன, படம் வரையுங்கள்" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது ஏறக்குறைய எல்லாத் தாளிலும் மைக் இருந்தது. பிரசங்கிப்பதும் பாடுவதும்தான் ஊழியம் என்று நம் பேச்சுவழக்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை அவர்களோடு வாசியுங்கள். சாப்பாட்டுப் பந்தியைக் கவனிக்க ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வேலைக்குக் கேட்ட தகுதி நற்சாட்சியும், பரிசுத்த ஆவியும், ஞானமும். விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் அந்த ஏழு பேரில் ஒருவர். யோவான் 13-ல் ஆண்டவரே துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார்.

பிறகு வேலை கொடுங்கள். வேலை நிஜமானதாக இருக்க வேண்டும். பிள்ளை செய்யாமல் விட்டால் யாராவது ஒருவருக்குக் குறை தெரிய வேண்டும். யாருக்கும் தெரியாது என்றால் அது விளையாட்டு வேலை, பிள்ளைகள் அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்று, நான்கு வயதில் பாட்டியின் கண்ணாடியைத் தேடித் தருவது, வாசலில் வருகிறவர்களுக்குப் பாட்டுப் புத்தகம் நீட்டுவது. ஐந்து முதல் ஏழு வரை நாற்காலிகளை வரிசையாகப் போடுவது, புதிதாக வந்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார்வது. எட்டு வயதுக்கு மேல் படிக்கச் சிரமப்படுகிறவருக்கு வேதாகமம் வாசித்துக் காட்டலாம், தண்ணீர் பரிமாறலாம், சின்ன வகுப்புக்குக் கைவேலைப் பொருள்களை வெட்டித் தயார் செய்யலாம். பதினொன்று, பன்னிரண்டு வயதில் ஒரு முழு வேலையின் பொறுப்பையே கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

ஒரு பிள்ளைக்கு ஒரு வேலை, ஆறு வாரம். வாரா வாரம் மாற்றினால் வேலையைப் பழகுவதிலேயே நேரம் போய்விடும். மூன்றாவது வாரம் சலிப்பு வரும். அதைத் தாண்டிய பிறகுதான் பிள்ளை அந்த வேலையைத் தன்னுடையது என்று சொல்ல ஆரம்பிக்கும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கழுவுவது, பெருக்குவது எல்லாம் பெண்பிள்ளைகளுக்கும், மணி அடிப்பது, மைக் பிடிப்பது எல்லாம் பையன்களுக்கும் போய்ச் சேராமல் பட்டியலை நீங்களே சரிபாருங்கள். தானாக விட்டால் அப்படித்தான் போகும். கால் கழுவிய ஆண்டவரைப் பற்றிப் பேசிவிட்டு இப்படிப் பிரிப்பது பிள்ளைகளின் கண்ணிலிருந்து தப்பாது.

ஸ்டிக்கர், நட்சத்திரம், பரிசு கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் ஒரு வருடம் நட்சத்திர அட்டை வைத்திருந்தேன். அட்டையை எடுத்த வாரமே நாற்காலி போடுகிற ஆள் பாதியாகக் குறைந்தது. பெலிக்ஸ் வார்னேக்கனும் மைக்கேல் தோமசெல்லோவும் 2008-ல் வெளியிட்ட ஆய்விலும் இதுதான் தெரிந்தது. உதவியதற்குப் பொருள் பரிசு பெற்ற 20 மாதக் குழந்தைகள், பரிசு பெறாத குழந்தைகளைவிடப் பிறகு குறைவாகவே உதவ முன்வந்தார்கள். பரிசுக்குப் பதிலாக நடந்ததைச் சொல்லுங்கள்: "நீ நாற்காலி போட்டிருந்ததால் அந்தப் பாட்டி வந்தவுடன் உட்கார்ந்தார்கள், பார்த்தாயா?" பிள்ளை திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வை போதும்.

4. கதையைக் காசு வாங்கும் கருவியாக்காதீர்கள்

வேதாகமக் கதைகள் நமக்கு நிறைய இருக்கின்றன, சொல்லும் விதத்தில்தான் தவறுகிறோம். யோவான் 6-ல் வரும் பையனிடம் ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களும் இருந்தன. "அவன் கொடுத்தான், அதனால் ஆண்டவர் பெருக்கிக் கொடுத்தார், நீயும் கொடுத்தால் உனக்கும் இரட்டிப்பாக வரும்" என்று சொல்லி முடிப்பது பழகிப்போன வழக்கம். மீந்த பன்னிரண்டு கூடைகளை அவன் வீட்டுக்கு எடுத்துப் போனதாக வசனத்தில் எங்கும் இல்லை. இரட்டிப்பை எதிர்பார்த்துக் கொடுத்த பிள்ளை, இரண்டு வாரம் காத்திருந்துவிட்டு, "ஆண்டவர் இன்னும் திருப்பித் தரவில்லையே" என்று வந்து கேட்கும். என்னிடம் கேட்டிருக்கிறது. அதன் விசுவாசத்தை நானே புண்படுத்தினேன் என்று அப்போது உணர்ந்தேன். இப்போது அந்தக் கதையில் கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறேன்: அவனுக்கும் பசித்திருக்கும் அல்லவா? இத்தனை பேருக்கு இது எம்மாத்திரம் என்று பெரியவர்கள் பேசியபோது அவன் கையை இழுத்துக்கொண்டிருக்கலாம் அல்லவா? அத்தனை பேரும் சாப்பிடுவதைப் பார்த்தபோது அவன் முகம் எப்படி இருந்திருக்கும்?

ஏழை விதவையின் இரண்டு காசு (மாற்கு 12:41–44) அருமையான பகுதி. "பார், அவள் எல்லாவற்றையும் போட்டாள், நீ எவ்வளவு போட்டாய்?" என்று திருப்பினால் பிள்ளைக்குக் குற்ற உணர்வுதான் மிஞ்சும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று வகுப்பில் பெயர் வாசிப்பதும் வேண்டாம். அந்தப் பகுதியே அதற்கு எதிராகத்தான் பேசுகிறது. காணிக்கை விஷயத்தில் பொய் சொல்லி விழுந்து இறந்த அனனியா, சப்பீராள் கதையைச் (அப்போஸ்தலர் 5) சின்னப் பிள்ளைகளுக்குக் காணிக்கைப் பாடமாக எடுக்கவே எடுக்காதீர்கள். பயந்து கொடுக்கிற கை பிறகு தானாக நீளாது.

2 கொரிந்தியர் 9:7-ல் "உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்" என்பதை மட்டும் மனப்பாட வசனமாகக் கொடுக்கிறோம். அதற்கு முன்னால் இருக்கும் "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே" என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். பிள்ளைக்கு விடுதலை தருவது அந்தப் பாதிதான். வேலை செய்யப் பிடிக்கிற பிள்ளைகளுக்கு, யோப்பாவில் விதவைகளுக்கு உடை தைத்துக் கொடுத்த தொற்காளைச் சொல்லுங்கள் (அப்போஸ்தலர் 9). அவள் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட அங்கே எழுதப்படவில்லை. அவள் தைத்த உடைகளைத்தான் விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டுகிறார்கள்.

5. வெளியே அழைத்துப் போவதென்றால் ஆறு வாரத்துக்கு முன்பே அனுமதிக் கடித வேலையைத் தொடங்குங்கள்

முதியோர் இல்லமோ, காப்பகமோ, தனியாக இருக்கும் ஒரு பெரியவரின் வீடோ, எதுவானாலும் இந்த வேலைகள் உண்டு. இரண்டாம் வருடம் எல்லாம் தயாராக இருந்தும் இரண்டு பெற்றோரின் சம்மதக் கடிதம் வரவில்லை. கிளம்பும் நேரத்தில் அந்த இரண்டு பிள்ளைகளையும் ஆலயப் படிக்கட்டில் ஓர் ஆசிரியையுடன் விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. ஒருத்தி தான் செய்த வாழ்த்து அட்டையை என் கையில் கொடுத்து, "நான் செய்தது என்று சொல்லிவிடுங்கள், டீச்சர்" என்றாள். அன்றிலிருந்து கடிதத்துக்குக் கடைசித் தேதி பயணத்துக்குப் பத்து நாள் முன்பு. வராத வீட்டுக்கு நானே போய் வாங்கிவிடுகிறேன்.

ஆறு வாரம் முன்பு: போகும் இடத்தின் பொறுப்பாளரிடம் முதலில் நேரில் பேசுங்கள், பிறகு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்புவோம், என்ன செய்வோம், என்ன கொண்டு வரலாம், எது கூடாது, படம் எடுக்கலாமா என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் வர வேண்டும். "உங்களுக்கு என்ன தேவை?" என்று அப்போதே கேட்டுவிடுங்கள். நான் கேட்காத வருடம் போர்வைகள் குவிந்து கிடந்த இடத்துக்குப் போர்வை கொண்டு போனோம். கேட்ட வருடம் அவர்கள் சொன்னது: "உட்கார்ந்து பேச ஆள் வேண்டும்."

நான்கு வாரம் முன்பு: பெற்றோர் சம்மதக் கடிதம். தேதி, இடம், போகும் வண்டி, கிளம்பும் திரும்பும் நேரம், கூட வரும் பெரியவர்களின் பெயர், பிள்ளைக்கு ஒவ்வாமை அல்லது மருந்து உண்டா, அவசரத்துக்கு இரண்டு தொலைபேசி எண்கள், படம் எடுக்கச் சம்மதமா இல்லையா என்ற தனிக் கட்டம், கையெழுத்து. ஒரே பக்கத்தில் முடியுங்கள். இரண்டாம் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. பயணத்தன்று கடிதங்களின் ஒரு நகல் உங்கள் பையிலும் இன்னொன்று ஆலயத்திலும் இருக்கட்டும்.

கூட வருகிற பெரியவர்கள்: பிரிட்டனின் சிறுவர் பாதுகாப்பு அமைப்பான என்.எஸ்.பி.சி.சி. பரிந்துரைப்பது, 4 முதல் 8 வயது வரை ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், 9 முதல் 12 வரை எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர். உங்கள் இடத்துச் சட்டம் இன்னும் கண்டிப்பாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். குழு எவ்வளவு சின்னதானாலும் இரண்டு பெரியவர்களுக்குக் குறையக் கூடாது. எந்தப் பிள்ளையும் எந்தப் பெரியவரோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, அவர் நம் சபையின் மூப்பராகவே இருந்தாலும். சபைக்கு எழுதப்பட்ட சிறுவர் பாதுகாப்பு விதிகள் இல்லையென்றால், பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு அதை முதலில் எழுதச் சொல்லுங்கள்.

பிள்ளைகளிடமும் பேச வேண்டும். ஊழியம் செய்வது என்றால் பெரியவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது என்று சில நல்ல பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். கட்டிப்பிடிக்கப் பிடிக்கவில்லை என்றால் கும்பிட்டு வணக்கம் சொன்னால் போதும், யாராவது இரகசியமாக வைத்துக்கொள்ளச் சொன்னால் உடனே எங்களிடம் சொல்ல வேண்டும், "மாட்டேன்" என்று சொன்னால் ஆண்டவர் கோபிக்கமாட்டார். இந்த மூன்றையும் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு அன்று சொல்லுங்கள், வண்டியில் ஏறும்போதும் சொல்லுங்கள்.

6. செலவு

வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையில் (லூக்கா 10) செலவுக் கணக்கு முழுவதும் இருக்கிறது. எண்ணெய், திராட்சரசம், தன் வாகனம், ஒரு இரவு, சத்திரக்காரனுக்கு இரண்டு பணம், மேலே ஆனால் திரும்பி வரும்போது தருவேன் என்ற வாக்கு. பிள்ளைகளோடு இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, பக்கத்திலேயே நம் பயணத்தின் கணக்கையும் எழுதுங்கள். எங்கள் அனுபவத்தில் பெரிய செலவு வண்டிதான். பரிசுப் பொருளுக்கு அதைவிடக் குறைவாகவே ஆகும், ஆகட்டும். நடந்து போகும் தூரத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை, அடிக்கடியும் போகலாம்.

"தலைக்கு இவ்வளவு" என்று வசூலிக்காதீர்கள். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை அந்த ஞாயிறு வராமலேயே இருந்துவிடும், காரணமும் சொல்லாது. வண்டிச் செலவைச் சபையிடமோ பெரியவர்களிடமோ கேளுங்கள். பிள்ளைகளின் டப்பாக் காசைக் கொடுப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பாராததற்கு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். வரவு செலவு நோட்டை பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று எழுதட்டும், மிச்சம் எவ்வளவு என்பதை வகுப்பில் அதுவே வாசிக்கட்டும்.

7. போகும் நாள்

முதியோர் இல்லத்துக்குக் காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் போங்கள். மதியத்துக்கு மேல் அவர்கள் அசந்துவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளோடு போனால் 40 நிமிடம் போதும். அதற்கு மேல் ஓட ஆரம்பிப்பார்கள். இருமல், காய்ச்சல் இருக்கும் பிள்ளை வரக் கூடாது, எவ்வளவு ஆசைப்பட்டாலும். உள்ளே போனதும் எல்லோரும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். சமைத்த உணவைத் தவிர்த்துவிடுங்கள். அனுமதி வாங்கிக் கொண்டு போவதானால், அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

மேடை, வரிசை, விநியோகம் எதுவும் வேண்டாம். இல்லத்தில் இருக்கும் முதியவர் ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள் என்று பிரித்து உட்கார வையுங்கள். பேச்சைத் தொடங்கத் தெரியாமல் பிள்ளைகள் திணறுவார்கள், அதனால் மூன்று கேள்விகளை முன்பே பழக்குங்கள்: "சின்ன வயதில் என்ன விளையாடினீர்கள்? உங்களுக்குப் பிடித்த பாட்டு எது? எனக்கு ஏதாவது சொல்லித் தருகிறீர்களா?" மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒரு முறை ஒரு தாத்தா, நடுங்கும் விரல்களால் காகிதத்தில் படகு மடிக்கச் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்தி நேராக்கிய பிறகுதான் அடுத்ததற்குப் போனார். இரண்டு பையன்களும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். கிளம்பும்போது படகு அவர்கள் கையில் இருந்தது, தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

வாங்குகிறவரின் மரியாதையைக் காப்பது பற்றி ரூத் 2-ஐ முந்தைய வாரமே வாசித்துவிடுங்கள். வயலின் சொந்தக்காரன் போவாஸ் தன் ஆட்களிடம் கதிர்களை வேண்டுமென்றே சிந்தவிடச் சொல்கிறான், அவற்றைப் பொறுக்க வந்த ஏழை விதவை ரூத்தை யாரும் அதட்டக் கூடாது என்றும் சொல்கிறான். அவள் தன் கையால் பொறுக்கியதாகவே வீட்டுக்கு எடுத்துப் போகிறாள். இதைப் படித்த பிள்ளைகளிடம், "ஏன் படம் எடுக்கவில்லை?" என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சபை அறிக்கைக்குப் படம் வேண்டுமென்றால் பிள்ளைகள் அட்டை செய்யும் மேசையைப் படமெடுங்கள்.

8. திரும்பி வந்த பிறகு

அன்றைக்கே, வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் 15 நிமிடம் உட்காருங்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்றுதான் வரும். "யாரிடம் பேசினாய், அவர் பெயர் என்ன, அவருக்கு என்ன பிடிக்கும்?" என்று கேளுங்கள். அந்தப் பெயர்களைச் சொல்லி, பிள்ளைகளே சுருக்கமாக ஜெபிக்கட்டும்.

சில பிள்ளைகள் வருத்தத்தோடு வருவார்கள். "அந்தப் பாட்டி என்னிடம் பேசவே இல்லை, நன்றிகூடச் சொல்லவில்லை." நோய் குணமான பத்துப் பேரில் நன்றி சொல்ல ஆண்டவரிடம் திரும்பி வந்தவன் ஒருவன்தான் (லூக்கா 17). அதைச் சொல்லலாம், ஆனால் முதலில் பிள்ளையின் வருத்தத்தை முழுவதும் கேளுங்கள். பயந்துபோன பிள்ளை இருந்தால் அன்று மாலையே பெற்றோரிடம் தெரிவியுங்கள்.

சம்மதக் கடிதங்களில் மருத்துவ விவரங்கள் இருப்பதால் அவற்றைப் பூட்டி வையுங்கள், எவ்வளவு காலம் வைப்பது என்பது சபையின் விதிப்படி. இல்லத்துக்கு நன்றிக் கடிதம் ஒரு வாரத்துக்குள் போக வேண்டும், பிள்ளைகளின் கையெழுத்தில்.

அடுத்த முறை போகும் தேதியை அந்த வாரமே முடிவு செய்யுங்கள். டிசம்பரில் எல்லாக் காப்பகத்துக்கும் கூட்டம் வரும். பிப்ரவரியில் யாரும் வருவதில்லை என்று பொறுப்பாளர் ஒருவர் என்னிடம் சொன்னார். நாங்கள் இப்போது பிப்ரவரி, ஜூன், அக்டோபர் என்று வருடத்துக்கு மூன்று முறை, அதே இடத்துக்கே போகிறோம். மூன்றாவது முறை போனபோது வாசலிலேயே ஒரு பாட்டி, "லேஸ் கட்டுகிற பையன் எங்கே?" என்று கேட்டார்கள். முந்தைய முறை அவருடைய செருப்பு வாரை அவன் மாட்டிவிட்டிருந்தான். எனக்கு அதுவரை தெரியாது.